மக்டலின் கைவிட்ட நான்கு சந்தோசங்கள்

மக்டலினுக்கு ஒன்று பிடித்துவிட்டால் பிடித்ததுதான். அளவாக, அடக்கமாக ரசிப்பதெல்லாம் மற்றவர்களுக்கு. தை மாதம் பனங்கிழங்கில் மனம் போனது. காலையும் பனங்கிழங்கு, மாலையும் பனங்கிழங்கு. துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்யும் அவள் புருசன் மரியதாஸ், "இண்டைக்கும் அதுதானெண்டால் நான் படகிலயே படுக்கிறன்" என்று சொன்ன பிறகுதான் ஓய்ந்தாள். மாசியில் ஒரு துப்பறியும் கதை. கொலைகாரன் யாரென்று தெரிந்ததும் வேலை செய்யும் கடைக்குள் நின்றபடியே கூவிவிட்டாள். தூண்டிலுக்குத் தங்கூசி நூல் வாங்க வந்த சாம்பல்தீவுக்காரர் ஒருவர் பயந்து போய் எடுத்ததைக் கீழே போட்டார்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் வலையும் கயிறும் மிதவையும் விற்கும் கடையில் பதினாறு வருடமாக அவள் வேலை செய்கிறாள். வயது நாற்பத்தேழு. கூடவே வேலை செய்பவள் நபீஸா; கிண்ணியாவில் இருந்து ஒவ்வொரு நாளும் பாலம் தாண்டி பஸ்ஸில் வருகிறவள். இரண்டு பேரையும் ஒரு கடையில் வைத்திருக்கிற முதலாளிக்குப் பொறுமைசாலி என்று பட்டம் கொடுக்கலாம். மாதத்தின் முதல் புதன்கிழமை அவர் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போவார். அன்றைக்குத்தான் இவர்களுடைய திருநாள்.

அன்று இருவரும் ஆளுக்கொரு பட்டியல் மாற்றிக்கொள்வார்கள். கடையின் ரோஸ் நிற பில் தாளின் பின்பக்கத்தில் எழுதி, நாலாக மடித்துக் கொடுப்பது. இந்த மாதம் எனக்குப் பிடித்த புத்தகம், நாடகம், பாட்டு, சாப்பாடு. வாங்கியவள் அந்த மாதம் முடிவதற்குள் அத்தனையையும் வாசித்து, பார்த்து, கேட்டு, தின்று முடிக்க வேண்டும். முடிக்கும்வரை ஒரு கேள்வி கேட்கக் கூடாது. எட்டு வருடமாக நடக்கிற சட்டம் இது. நாட்டின் சட்டத்தில் கூட அவர்களுக்கு இவ்வளவு மரியாதை இல்லை.

இப்படி எல்லாம் ரசித்துத் திரிகிற மக்டலினுக்கும் ஒரு குறை இருந்தது. கத்தோலிக்கக் கோயிலின் பாடகர் குழுவில் இருபத்திரண்டு வருடமாகப் பின்வரிசை. இயேசு உயிர்த்த ஞாயிறு காலைப் பூசையில் முதல் அல்லேலூயாவை ஒருவர் தனியே பாடுவார். அதை ஒரே ஒரு தடவையாவது தான் பாட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. குழுவை நடத்தும் மைக்கல் மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் டிலக்ஷிதான். டிலக்ஷி நல்ல பிள்ளை, நன்றாகவும் பாடுவாள், அதுதான் இன்னும் எரிச்சல்.

அந்த வருடம் முஸ்லிம்களின் நோன்பும் கத்தோலிக்கரின் தவக்காலமும் ஒன்றாக வந்தன. தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனும் பங்குனியின் முதல் புதனாகவே விழுந்தது. மக்டலினுடைய கோயில் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. திருநீற்றுப் புதன் காலையில் ஒவ்வொருவரும் அந்த நாற்பது நாளும் பிடித்த எதையாவது விட்டுத் தான் செய்யப் போகிற ஒறுத்தலைத் தாளில் எழுதி, பேர் போடாமல், பீடத்தின் கீழே உள்ள பெட்டியில் போடுவார்கள். முதல் ஞாயிறு பாதர் சிலவற்றை எடுத்து வாசிப்பார். மற்றவர்களுக்கு உற்சாகம் வரட்டும் என்பதற்காக.

திருநீற்றுப் புதனுக்கு முதல் நாள் மாலை மக்டலின் குசினி மேசையில் உட்கார்ந்து இரண்டு தாளும் எழுதினாள். ஒன்று பெட்டிக்கு, ஒன்று நபீஸாவுக்கு. இரண்டும் ரோஸ் பில். இரண்டிலும் தலைப்பு 'பங்குனி'. இரண்டும் நாலாக மடித்து ஒரே கைப்பைக்குள். இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

ஞாயிறு பூசையில் பாதர் டினேஷ் பெட்டியைத் திறந்தார். முப்பத்தொரு வயது, எதையும் உணர்ச்சியோடு வாசிக்கிற மனிதர். முதல் தாளில் சொக்லேட். இரண்டாவதில் சிகரெட். மூன்றாவதாக ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்து விரித்தார். மக்டலினுக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. தன்னுடைய சீனியில்லாத தேத்தண்ணியைப் பாதர் வாசிக்கப் போகிறார் என்று முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டாள்.

"பங்குனி," என்று வாசித்தார் பாதர். "புத்தகம்: நூலகத்தில எடுத்த பேய்க்கதை. எழுநூறு பக்கம். முந்நூறு வந்தாச்சு, பேய் இன்னும் வரேல்ல."

மக்டலினுக்கு இப்போது உறைத்தது.

"நாடகம்: கொரியாக்காரப் பெடியன். எந்தநாளும் மழையில நனையிறான். பாட்டு: கந்தளாய் பஸ்ஸில போடுற பைலா. இடுப்பு சொல்வழி கேக்குதில்ல." பாதர் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். "சாப்பாடு: மாங்காய் போட்ட கணவாய்ப் பிரட்டல். ஐயோ."

அந்த 'ஐயோ'வை அவர் வாசித்த விதம் இருக்கிறதே! மக்டலின் எழுதும்போது அது நாக்கில் எச்சில் ஊறிய ஐயோ. பாதரின் வாயில் அது சிலுவையடியில் நின்று அழுகிற ஐயோவாக வந்தது.

"பிள்ளையள்," என்றார் பாதர், குரல் தழுதழுக்க. "நாங்கள் சொக்லேட்டை விட்டுப்போட்டுப் பெருமைப்படுறம். இந்த ஒராள் தன்ர சந்தோசம் எல்லாத்தையும் விட்டிருக்கிறா. முந்நூறு பக்கம் வாசிச்சுப்போட்டு, பேய் வாற நேரத்தில புத்தகத்தை மூடி வைக்கிறதெண்டால் அது சும்மா விசயமே?"

பேர் இல்லாத தாள்தான். ஆனால் பாதர் உணர்ச்சிவசப்பட்டு அதைத் தூக்கிக் காட்டிவிட்டார். திருகோணமலையில் ரோஸ் பில் போடுகிற வலைக்கடை ஒன்றே ஒன்று. கோயிலில் இருந்த பாதிப் பேர் கடற்தொழிலாளர். போன கிழமை வாங்கிய நூலின் பில் சிலருடைய சேர்ட் பைக்குள்ளேயே இருந்தது. அந்தக் கடையில் வேலை செய்கிற கத்தோலிக்கப் பெண் யார்? நூற்றைம்பது தலையும் ஒன்றாகத் திரும்பின.

எழும்பி உண்மையைச் சொல்லத்தான் அவள் நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள். ஆனால் பூசை முடிந்து வெளியே வரவும் மைக்கல் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி எதிரே வந்தார்.

"மக்டலின், இருபத்திரண்டு வருசமா உங்களை நான் சரியா விளங்கிக்கொள்ளேல்ல. இந்த முறை உயிர்த்த ஞாயிறு நீங்கள்தான் தனியப் பாடுறீங்கள்."

"ஓம் மாஸ்டர்," என்றது அவளுடைய வாய். மூளையைக் கேட்காமலே சொல்லிவிட்டது, பாழாய்ப் போன வாய்.

திங்கட்கிழமை கடைக்குப் போனால் நபீஸா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"கேள்வி கேக்கக் கூடாதெண்டு சட்டம் இருக்கிறதால நாலு நாளாப் பொறுத்துப் பாத்தன் புள்ள. நாள் முழுக்க நோன்பு பிடிச்சிட்டு, திறந்த உடனே சீனி போடாத தேத்தண்ணி குடிக்கிறன், நீ எழுதினாய் எண்டதுக்காக. மறுகா, 'வாய்: ஆரையும் நக்கலடிக்காமல்' எண்டு எழுதியிருக்கிறாய். அதையும் பாத்தன், என்னால ஏலாது. கடைசியில 'பிலோமினா: கண்டால் நானே முதல்ல கதைக்கிறது'. சனிக்கிழமை அந்த மனுசி நூல் வாங்க வந்திச்சு. நீ தாளில எழுதியிருக்கிறாய் எண்டு சொல்லி, பிடிச்சு வைச்சு முக்கால் மணித்தியாலம் கதைச்சன். உனக்கு இந்த மாசம் என்னடி நடந்தது? ஏதும் வருத்தமா?"

பிலோமினா மக்டலினின் பக்கத்துவீட்டுக்காரி. மதில் விசயத்தில் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நேற்றுப் பூசையில் அவள் ஏன் பல்லைக் காட்டினாள் என்பது மக்டலினுக்கு இப்போதுதான் விளங்கியது. நடந்ததைச் சொன்னாள். 'ஐயோ' இடம் வந்ததும் நபீஸா மிதவை மூட்டையின் மேல் விழுந்தாள். இவளும் விழுந்தாள். இரண்டு பேரும் சிரித்து, வயிறு பிடித்து, கண்ணீர் துடைத்து, மறுபடி ஒருவர் 'ஐயோ' என்று சொல்ல, மறுபடி முதலிலிருந்து.

கடைசியில் நபீஸா மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்ப போய் உண்மையைச் சொல்லு," என்றாள்.

"சொன்னால் பாட்டுப் போயிரும் நபீஸா."

"அப்ப?"

"அந்த நாலையும் உண்மையா விட்டிருறன். அப்ப அது பொய்யில்லைத்தானே?"

நபீஸா அவளைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "சரி. எனக்கு உன்ட உண்மைப் பட்டியல் இப்ப தெரியும். சட்டம் சட்டம்தான். நான் அதைச் செய்யத்தான் வேணும்."

அங்கே தொடங்கின மக்டலினின் பாடுகள். சந்தையில் மீன்காரர் கணவாயை அவள் கண்ணில் படாமல் சாக்கால் மூடினார். "அக்கா, பாக்காதேயுங்கோ. நாங்களும் உதவி செய்யத்தானே வேணும்." கந்தளாய் பஸ் அவளைக் கண்டதும் பைலாவை நிறுத்தியது, சாரதியின் மனைவி அதே பங்கு. மாலையில் நாடகம் தொடங்குகிற நேரம் பார்த்து பிலோமினா செபமாலையோடு வந்து கதிரையில் உட்கார்ந்தாள். "தனிய இருந்தால் மனம் அலையும் மக்டலின். நான் பக்கத்தில இருக்கிறன்." இரண்டு வருடம் பேசாமல் இருந்த காலம் எவ்வளவு நிம்மதியான காலம் என்று மக்டலின் அப்போதுதான் நினைத்தாள். மரியதாஸ் பாவம், ஒரு குற்றமும் செய்யாமல் பருப்பும் கீரையும் தின்றான்.

பேய்க்கதையோ நபீஸாவின் கைக்குப் போய்விட்டது. அவள் காலையில் வரும்போதே முகம் மின்னும்.

"பேய் வந்ததா?" என்பாள் மக்டலின்.

"வந்திச்சு."

"ஆணா, பெண்ணா?"

"நான் நோன்பு. நீ தவம். இந்தக் கதையெல்லாம் கதைக்கப்படாது."

"அந்தப் பெடியன் குடை வாங்கிட்டானா, அதையாவது சொல்லடி!"

நபீஸா கயிறு அளக்கப் போய்விடுவாள்.

இவ்வளவும் அந்தப் பாட்டுக்காகத்தானே என்று மக்டலின் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பாட்டு வரவில்லை. தவக்காலத்தில் அல்லேலூயா என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. அதனால் சனிக்கிழமை ஒத்திகையில் மெட்டை மட்டும் 'லா-லா-லா' என்று பாடுவார்கள். மக்டலின் வாயைத் திறந்தால் அந்த லா-லா-லா செத்த வீட்டில் இருந்து வருவதுபோல வந்தது. மாஸ்டர் ஆர்மோனியத்தை நிறுத்தினார். சுரத்தை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். இரண்டாவது சனி, "தொண்டையில ஏதும் கோளாறோ?" என்று கேட்டார். மூன்றாவது சனி கேள்வியும் இல்லை. டிலக்ஷியின் பக்கம் மட்டும் பார்த்தார். அந்தப் பார்வை மக்டலினைச் சுட்டது. உள்ளதையெல்லாம் விட்டும் இதுவும் போகப் போகிறது என்று வீடு வரும் வழியெல்லாம் அழுதாள்.

பிறகு நோன்புப் பெருநாள் வந்தது. மக்டலின் கிண்ணியாவுக்கு, நபீஸா வீட்டுக்குப் போனாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவளுடைய பங்குக்காரர் ஒருவரும் இல்லை என்ற எண்ணமே பாதி விருந்து. நபீஸா குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சட்டி மூடியைத் தூக்கினாள். மாங்காய் போட்ட கணவாய்ப் பிரட்டல்.

"நான் உன்ட பட்டியல் பாத்துச் சமைச்சன். சரியா வந்திருக்கா எண்டு உன்னைத் தவிர ஆர் சொல்லுவா? பெருநாள் வீட்டில சாப்பிடாமப் போனால் நான் மறுகா உன்னோட கதைக்க மாட்டன்."

மக்டலின் சட்டியைப் பார்த்தாள். ஒரு துண்டு எடுத்தாள். கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு எத்தனை துண்டு என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்துத்தானா முன்வீட்டுக்கு வந்த வான் வண்டியில் பைலா போட வேண்டும்? அதே பைலா! இடுப்பு சொல்வழி கேட்கவில்லை. கையில் அகப்பையோடு மக்டலின் ஆடினாள். நபீஸா சட்டி மூடியில் தாளம் போட்டாள். மூன்று கிழமையாகக் கட்டி வைத்த ஆட்டம். அடுப்படியில் ஒரு பானை உருண்டு விழுந்தது, ஒருவரும் எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து முதல் புதன். நபீஸா தன்னுடைய சித்திரைப் பட்டியலைத் தந்தாள். புத்தகம்: பேய்க்கதை. நாடகம்: நனைகிற பெடியன். சாப்பாடு: கணவாய். எல்லாம் மக்டலினிடமிருந்து போனதே திரும்பி வந்திருந்தது. 'பாட்டு' என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"பாட்டு இன்னும் கிடைக்கேல்ல. பைலா உன்ட, எனக்கு வேற வேணும். பிறகு எழுதித் தாறன்," என்றாள் நபீஸா.

அந்தச் சனிக்கிழமை ஒத்திகையில் மக்டலின் வாயைத் திறந்தாள். லா-லா-லா என்றுதான் பாடினாள். டிலக்ஷி பாட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த பணியாள் சங்கிலித்தாம் கூட்டுமாறைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அந்தக் குரலில் ஆட்டம் இருந்தது, புளிப்பு இருந்தது, கிண்ணியாக் குசினி முழுவதும் இருந்தது. முடிந்ததும் மாஸ்டர் ஆர்மோனியத்தை மூடிவிட்டு எழும்பி வந்தார்.

"என்ன செய்தீங்கள், மக்டலின்?"

நல்ல ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இஞ்சி குடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பாடி முடித்த சந்தோசத்தில் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"கணவாய் சாப்பிட்டனான் மாஸ்டர்," என்றாள். அதோடு எல்லாம் வந்தது. இரண்டு தாள், கைப்பை, ஓம் என்று சொன்ன வாய், பைலா, அகப்பை. சொல்லி முடித்து, "பாட்டை டிலக்ஷிக்கே குடுங்கோ. நான் அதைக் களவெடுத்தனான்," என்றாள். இருபத்திரண்டு வருட ஆசை. அதைத் தானே திருப்பிக் கொடுத்தாள்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். "பிழை என்னில. விரதம் இருக்கிற ஆளுக்குப் பாட்டுக் குடுத்தனான், பாடுற ஆளுக்குக் குடுக்கேல்ல. பின்வரிசையில உங்கட குரலில எப்பவும் ஒரு சிரிப்புக் கேக்கும். அது கோயிலுக்குச் சரிவராதெண்டு நினைச்சனான். உயிர்த்த ஞாயிறு சிரிக்காமல் வேற எப்ப சிரிக்கிறது?" பிறகு விரலை நீட்டினார். "பாட்டு உங்கட. ஆனால் முதல்ல சனத்துக்கு உண்மை தெரிய வேணும்."

குருத்து ஞாயிறு பூசை முடிவில், கையில் குருத்தோலையோடு அவள் மைக்குக்கு முன்னால் நின்றாள். "அந்த ரோஸ் தாள் என்ர. ஆனால் அது நான் விட்டதில்லை, எனக்குப் பிடிச்சது. தாள் மாறிப்போச்சு. நான் விட்டது சீனி மட்டும்தான். அதையும் நாலு நாள் கிண்ணியாவில வேற ஆள்தான் விட்டது."

முதலில் பாதர் டினேஷ்தான் வெடித்தார். பீடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், "ஐயோ, அந்த ஐயோ!" என்று. பிறகு கோயில் முழுவதும் சிரித்தது. பின்னால் இருந்து மீன்காரர் கத்தினார்: "அப்ப நாளைக்கு அக்காவுக்குக் கணவாய் எடுத்து வைக்கட்டோ?"

"பொறுங்கோ, இன்னும் ஏழு நாள் இருக்கு!" என்றார் பாதர், கண்ணைத் துடைத்தபடி.

பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்து கையைப் பிடித்தாள். "அப்ப என்னோட கதைக்க வேணும் எண்டு எழுதினதும் நீரில்லையோ?"

"அதை நான்தான் எழுதினனான் பிலோமினா. சத்தியமா," என்றாள் மக்டலின். அந்த இடத்தில் மட்டும் இருவருக்கும் கண் கலங்கியது.

உயிர்த்த ஞாயிறு காலை அவள் பாடினாள். நாற்பது நாள் ஒருவரும் சொல்லாத அந்தச் சொல்லை முதலில் சொன்ன வாய் அவளுடையது. சிரித்துக்கொண்டே பாடினாள். மரியதாஸ் முன்வரிசையில் இருந்து, தனக்குக் கிடைத்த பரிசுபோலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மாஸ்டரின் கால் ஆர்மோனியத்துக்குக் கீழே தாளம் போட்டது. அது பைலாத் தாளம் என்று டிலக்ஷி இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறாள்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் நபீஸா சித்திரைப் பட்டியலைத் திருப்பிக் கேட்டு வாங்கினாள். வெறுமையாக இருந்த இடத்தில் எழுதி, மடித்துக் கொடுத்தாள்.

'பாட்டு: உன்ட அல்லேலூயா.'

மக்டலின் நிமிர்ந்து பார்த்தாள். "நீ எப்பிடிக் கேட்டாய்?"

"முதல் பஸ்ஸில வந்தன். கோயில் வாசல்ல பொலிஸ் நிண்டது, பை பாத்துக்கொண்டு. முந்தி ஒரு வருசம் கோயிலுகளில குண்டு வெடிச்ச அந்த நாளில நான் அபாயாவோட உள்ள வந்தா ஆருக்கும் மனம் கஷ்டப்படுமோ எண்டு யோசிச்சன். ரோட்டுக்கு மற்றப் பக்கம் நிண்டன். நல்லாக் கேட்டிச்சு." நபீஸா கயிற்றுச் சுருளைத் தூக்கி மேசையில் வைத்தாள். "ஏன்டி அழுறாய்? அடுத்த வருசம் உள்ள வாறன். சட்டம் தெரியும்தானே, மாசம் முடியிறதுக்குள்ள பட்டியலில உள்ளதெல்லாத்தையும் நீ செய்ய வேணும். எங்க, பாடு பாப்பம்."

வலைகளுக்கு நடுவில் நின்று மக்டலின் பாடினாள். கடைக்குள் நூல் வாங்க வந்தவர் முடியும்வரை நூலைக் கையில் பிடித்தபடி நின்றார்.